கூட வருபவர் பிறந்த கதை

தாயக்கட்டத்தில் வெட்டுப்பட்ட காய்க்காக யாரும் அழுததில்லை. வெட்டினவர்மேல் கோபம் வரும், கட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்து போகத் தோன்றும். ஆனால் அந்தப் புளியங்கொட்டைமேல் பாசம் என்று ஒன்றும் கிடையாது. மறுபடி தாயம் விழுந்தால் அதே கொட்டை உள்ளே வரும். அது தொலைந்துபோனால் வேறொரு கொட்டையை வைத்து ஆடலாம். 1997இல் பிளேஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களோ ஒரு பூக்காரப் பெண்ணின் சாவுக்கு அழுதார்கள். அவளும் ஓர் ஆட்டத்தின் காய்தான். அவளை உயிரோடு மீட்க ஏதாவது வழி இருக்கும் என்று நம்பி, ஆட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் வருடக்கணக்கில் தேடினார்கள். காயாக இருந்தது எப்போது ஆளானது என்று கேட்டால், கிட்டத்தட்ட இடத்தையும் வருடத்தையும் சொல்லிவிடலாம்.

இடம், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். 1960களின் கடைசியில் அங்கே போர் ஆட்டக்காரர்களின் கூட்டம் ஒன்று இருந்தது. மேசைமேல் சின்னச் சின்ன ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி, நெப்போலியன் காலத்துச் சண்டைகளை மறுபடி நடத்திப் பார்ப்பார்கள். அந்த வகை ஆட்டங்களில் ஒரு பொம்மை என்பது ஒரு பட்டாளம். இருபது பேருக்கு ஒரு பொம்மை என்றுகூடக் கணக்கு உண்டு. பொம்மை விழுந்தால் இருபது பேர் செத்ததாக அர்த்தம். எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்த அணியை நகர்த்துவார்கள்.

1969இல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டேவ் வெஸ்லி வேறு மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார். ப்ரௌன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஜெர்மன் ஊர். படைகள் அதை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. வந்த ஆட்டக்காரர்களுக்குப் பட்டாளம் கொடுக்காமல், ஆளுக்கு ஒரு மனிதரைக் கொடுத்தார்: ஒருவர் ஊர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர். படைகள் மோதுவதற்குள் ஆட்டம் குழம்பிவிட்டது. ஆளாளுக்கு மூலைக்குப் போய் ரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள், ஒருவரை ஒருவர் சண்டைக்கு இழுத்தார்கள். ஆட்டம் கைமீறிப் போய்விட்டது, இது தோல்வி என்றே வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு தடவை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள்.

அந்த மேசையில் இருந்த டேவ் ஆர்னசன்தான் இந்தக் கதையின் முதல் முக்கியமான ஆள். 1971வாக்கில் அவர் தன் வீட்டு அடித்தளத்தில் பிளாக்மூர் என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். கோட்டை, அதற்குக் கீழே சுரங்கம், சுரங்கத்துக்குள் பூதங்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு பெயர். சண்டைக்கு மட்டும் ஆரம்பத்தில் ‘செயின்மெயில்’ என்ற விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். விஸ்கான்சின் மாநிலம் லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரனுடன் சேர்ந்து அதே 1971இல் வெளியிட்ட இடைக்காலப் போர் ஆட்டம் அது. அதில் அடி பட்டால் சாவு, படாவிட்டால் பிழைப்பு. பட்டாளங்களுக்காக எழுதிய விதி. பட்டாளத்துக்கு அது போதும்.

பெயர் வைத்த ஆளுக்கு அது போதவில்லை. நாலைந்து வாரம் சேர்ந்து சுரங்கத்துக்குள் அலைந்தவன், ஒரு பகடை உருட்டலில் விழுந்து சாவதை ஆடியவர்களால் தாங்க முடியவில்லை. தங்கள் ஆள்மேல் அவர்களுக்கு மனசு ஒட்டிப்போயிருந்தது. ஆர்னசன் இதைப் பல வருடம் கழித்துப் பேட்டிகளிலும் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் கண்ட வழி விசித்திரமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கவசக் கப்பல்களை வைத்து அவர் ஏற்கெனவே ஒரு கடற்போர் ஆட்டம் செய்து வைத்திருந்தார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது. இத்தனை அடி தாங்கும், அதற்குமேல்தான் மூழ்கும் என்று அதில் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை எடுத்து மனிதனுக்குப் போட்டார். இன்று எத்தனையோ கம்ப்யூட்டர் கேம்களில் ஆளின் தலைக்குமேல் தெரியும் சிவப்புக் கோடு, ஹிட் பாயின்ட் என்கிற அந்தச் சமாச்சாரம், அங்கேயிருந்து வந்தது.

பாசம் என்பது கதை எழுதுபவர்கள் பின்னால் வந்து ஆட்டத்தில் சேர்த்த அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். வரிசை அப்படி இல்லை. பாசம் முதலில் வந்தது, அதைக் காப்பாற்றத்தான் விதி வந்தது. கம்ப்யூட்டர் கேம் உலகின் மிகச் சாதாரணமான எண்ணுக்கு அடியில், நம் ஆள் உடனே செத்துவிடக் கூடாதே என்ற சிலரின் தவிப்பு இருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

ஆர்னசன் பிளாக்மூரைக் கைகாக்ஸுக்கு ஆடிக் காட்ட, இருவரும் சேர்ந்து 1974 ஜனவரியில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் அதை வெளியிட்டார்கள். மூன்று சின்னப் புத்தகங்கள், மரநிறத்தில் ஒரு பெட்டி, முதல் அச்சு ஆயிரம் பிரதி.

இதுவரை சொன்னது ஆட்டக்காரர் தன் சொந்த ஆள்மேல் வைத்த பாசம். கூட வருபவருக்கான விதையும் அந்த 1974 பெட்டியிலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஆளுக்கும் பலம், புத்தி என்று ஆறு குணங்களைப் பகடை உருட்டி எடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று கரிஸ்மா, பிறரை ஈர்க்கும் சக்தி. அதன் வேலை அப்போது மிகக் குறிப்பானது: உங்களோடு எத்தனை கையாட்கள் வருவார்கள், எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்று தீர்மானிப்பது. கரிஸ்மா 3 என்றால் ஒரே ஓர் ஆள், அவனும் அரைமனசோடு வருவான். 18 என்றால் பன்னிரண்டு பேர், விசுவாசம் நாலு புள்ளி கூடுதல். ஆபத்து வந்தால் அவர்கள் நிற்பார்களா ஓடுவார்களா என்று ஆட்டத்தை நடத்துபவர் பகடை உருட்டிப் பார்ப்பார். நீண்ட நாள் கூட இருந்தவனுக்குப் புள்ளி ஏறும், கொள்ளையில் பங்கு சரியாகக் கொடுத்தால் ஏறும், ஏமாற்றினால் இறங்கும். போர் ஆட்டத்தில் பட்டாளம் எப்போது சிதறி ஓடும் என்று போட்ட கணக்குதான் இதுவும். ஆனால் இப்போது ஓடப்போகிறவன் பெயருள்ள தனி மனிதன், ஓடுவதா நிற்பதா என்பது உங்கள் கையில் இல்லை. கூட வருபவர் உங்கள் பேச்சை மீறலாம் என்ற வாசல் இந்த அட்டவணையில்தான் முதலில் திறந்தது.

அந்த வாசல் வழியாக வந்த முதல் பிரபலஸ்தன் பிக்பி. லேக் ஜெனீவாவில் கைகாக்ஸ் ஆட்டத்தை நடத்தி நடத்தி, தானும் ஆடிப் பார்க்க ஆசைப்பட்டார். நண்பர் ராப் குன்ட்ஸ் நடத்த, கைகாக்ஸ் மோர்டன்கெய்னன் என்ற மந்திரவாதியாக ஆடினார். சுரங்கத்தில் ஒருநாள் கெட்ட எண்ணம் கொண்ட கத்துக்குட்டி மந்திரவாதி ஒருவன் எதிர்ப்பட்டான். குன்ட்ஸ் போகிறபோக்கில் உருவாக்கிய ஆள், பெயர் பிக்பி. மோர்டன்கெய்னன் அவனைக் கொல்லாமல் வசிய மந்திரம் போட்டு அடக்கினார். வசியத்திலேயே வைத்திருக்காமல், பேசிப் பேசி, கூடவே அழைத்துக்கொண்டு அலைந்து, கடைசியில் உண்மையான விசுவாசியாகவே மாற்றிவிட்டார். கைகாக்ஸுக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. இனி மோர்டன்கெய்னனின் கையாட்கள் எல்லோருக்கும் பிக்பிக்கு எதுகையாகத்தான் பெயர் இருக்க வேண்டும் என்று குன்ட்ஸ் சட்டம் போட, ஸிக்பி, ரிக்பி, டிக்பி என்று ஒரு குடும்பமே கிளம்பியது. 1978இல் வந்த விதிப் புத்தகத்தில் பிரம்மாண்டமான மாயக் கையை வரவழைக்கும் மந்திரங்களுக்குப் பிக்பியின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. கொல்லப்பட்டிருக்க வேண்டிய ஒரு சில்லறை எதிரி, கூட நடந்து நடந்தே பெயர் நிலைத்த ஆளாகிவிட்டான். 2023இல் அரக்கர்களைப் பற்றிய ஒரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகம் பிக்பி வழங்குவதாகவே தலைப்பிட்டு வந்தது.

மேசையில் பிக்பிக்குப் பின்னால் ஒரு மனிதக் குரல் இருந்தது. கம்ப்யூட்டருக்கு அந்தக் குரல் இல்லை. 1981இல் ஆப்பிள் II கம்ப்யூட்டருக்கு வந்த ‘விஸார்ட்ரி’ அதை வேறு வழியில் ஈடுகட்டியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் எழுதிய கேம். ஆறு பேர் கொண்ட குழுவை நீங்களே உருவாக்க வேண்டும். அவர்களுக்கு முகம் கிடையாது, பேச்சு கிடையாது, கதை கிடையாது. பெயர், சில எண்கள், அவ்வளவுதான். பெயரை வைப்பது நீங்கள். கூடப் படிப்பவன், தங்கை, நாய்க்குட்டி என்று யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம்.

அந்தப் பெயர்களுக்கு உயிர் கொடுத்தது அந்த கேம் கடைப்பிடித்த கண்டிப்பு. நடந்ததை எல்லாம் கேம் தானாகவே டிஸ்கில் எழுதிக்கொண்டே போகும். பத்து நிமிஷம் முன்னால் இருந்த நிலைக்குத் திரும்பிப் போகிற வசதி கிடையாது. சுரங்கத்தில் ஒருவன் செத்தால் அவன் உடலைச் சுமந்துகொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே கேன்ட் கோயிலில் பணம் கட்டினால் உயிர்ப்பிக்க முயல்வார்கள். முயற்சி பலிக்காமல் போனால் உடல் சாம்பலாகிவிடும். சாம்பலுக்கு இன்னும் அதிகப் பணம் கட்டி இன்னொரு முயற்சி. அதுவும் தவறினால் அந்தப் பெயர் பட்டியலிலிருந்தே அழிந்துபோகும். ஆறு பேரும் சுரங்கத்திலேயே விழுந்துவிட்டால், புதிதாக ஓர் ஆறு பேரைத் தேற்றி, அவர்களை அவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோய், பழையவர்களின் உடல்களைத் தூக்கி வர வேண்டும். சாவுச் செய்தியை டிஸ்கில் எழுதுவதற்குள் டிரைவிலிருந்து டிஸ்கை வெளியே இழுத்து ஆளைக் காப்பாற்றப் பழகியவர்கள் உண்டு. எண்களுக்காக யாரும் அப்படிப் பதறுவதில்லை. அவர்கள் கண்ணுக்கு அங்கே யாரோ ஒருவர் இருந்தார்.

எழுத்தே இல்லாத இடத்தில் ஆடுபவரின் மனசு தானாக எழுதிக்கொள்கிறது என்று ‘விஸார்ட்ரி’ காட்டியது. பின்னால் வந்த எழுத்தாளர்கள் சிலர் இதை மறந்து பக்கம் பக்கமாகப் பேச வைத்தார்கள். பேச்சு நீள நீள அந்த ஆள் சுருங்கிப்போனதையும் நான் பார்த்திருக்கிறேன்.

‘விஸார்ட்ரி’க்கும், ரிச்சர்ட் கேரியட்டின் ‘அல்டிமா’ வரிசைக்கும் ஜப்பானில் பெரிய மயக்கம் உண்டானது. அங்கே யூஜி ஹோரி 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ கொண்டுவந்தார். ஜப்பானியர்கள் ஆட்களுக்கு முகம் கொடுத்தார்கள், வசனம் கொடுத்தார்கள். அதோடு அவர்களின் விதியைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1989இல் சேகாவின் ‘ஃபேன்டஸி ஸ்டார் II’இல் நேய் என்ற பெண் நாயகனின் தங்கையைப் போல முதலிலிருந்தே கூட வருவாள். பாதி மனுஷி, பாதி சோதனைக்கூடத்தில் பிறந்த உயிர். அந்த கேமில் செத்தவர்களைக் குளோன் கூடத்தில் மீட்டுவிடலாம், அது வழக்கமான விஷயம். கதை நடுவில் நேய் சாகிறாள். அவளை மட்டும் குளோன் கூடத்தால் மீட்க முடியாது. விதிப்படி கிடைக்க வேண்டியதை ஒரே ஒருத்திக்கு மறுத்தார்கள். ஆடியவர்கள் அந்த மறுப்பில்தான் அவளை உணர்ந்தார்கள்.

1992இல் ஹோரி ‘டிராகன் குவெஸ்ட் V’இல் இன்னொரு பக்கமிருந்து வந்தார். சின்ன வயதில் நாயகனோடு பாழடைந்த கோட்டைக்குப் பேய் விரட்டப் போனவள் பியாங்கா. வருடங்கள் போய், கல்யாணப் பேச்சு வருகிறபோது பியாங்காவா, பெரிய பணக்காரரின் மகளா என்று ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். பணக்கார வீட்டில் பெண் எடுத்தால் மாமனார் பணமும் பொருளும் அனுப்புவார். கேமில் ஜெயிக்கிற புத்திக்கு அது லாபம். ஆனாலும் சிறு வயதுத் தோழியை விட்டுவிட மனம் வராமல், லாபத்தைத் தள்ளிவிட்டு அவளையே கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். பாசத்துக்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

இனி அந்தப் பூக்காரப் பெண். ‘ஃபைனல் ஃபேன்டஸி VII’, ஸ்குவேர் நிறுவனம், 1997 ஜனவரி 31. இயக்கியவர் யோஷினோரி கிதாசே, ஆட்களை வரைந்தவர் தெத்சுயா நோமுரா, தயாரிப்பாளர் ஹிரோனோபு சகாகுச்சி. தன் தாயை இழந்த பிறகு உயிர் என்பது என்ன என்ற கேள்வியோடு சகாகுச்சி வெகுநாள் அலைந்துகொண்டிருந்தார். அந்தக் கேள்வி இந்தக் கதைக்குள் இறங்கியது. ஏரித் மிட்கர் நகரத்தின் சேரியில், கூரை இடிந்த ஒரு சர்ச்சுக்குள் பூ வளர்ப்பவள். சிரித்த முகம், துடுக்கான பேச்சு. காயம் ஆற்றுவதில் குழுவிலேயே கெட்டி. ஆகவே ஆடுபவர்கள் அவளை விடாமல் கூட்டிக்கொண்டு போனார்கள், அவளுக்கு நல்ல ஆயுதம் தேடிக் கொடுத்தார்கள், மணிக்கணக்கில் சண்டை போட்டு அவள் திறமையை ஏற்றினார்கள். அவளுடைய உச்சகட்ட சக்தியைக் கதையின் முதல் பகுதியிலேயே தேடிப் பிடித்துக் கொடுத்துவிட முடியும். அதைச் செய்தவர்கள், அவள் கடைசிவரை கூட இருப்பாள் என்று நம்பித்தான் செய்தார்கள்.

மூன்று டிஸ்கில் முதல் டிஸ்க் முடிகிற இடம். மறந்துபோன தலைநகரம் ஒன்றின் அடியில், தண்ணீருக்கு நடுவே ஒரு மேடையில் ஏரித் மண்டியிட்டு உலகத்துக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறாள். நாயகன் கிளவுட் அவளிடம் போகிறான். அங்கே ஆட்டம் கட்டுப்பாட்டை ஆடுபவரிடமே விட்டுவைத்திருக்கிறது. ஆனால் எந்த பட்டனை அழுத்தினாலும் கிளவுடின் கை வாளை நோக்கித்தான் போகும். அழுத்த அழுத்த, வாளை அவள் தலைக்குமேல் ஓங்கி நிற்பான். நண்பர்கள் கத்தியதும் சுதாரித்துக்கொள்கிறான். அவள் கண் திறந்து அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த நொடியில் மேலேயிருந்து வில்லன் செஃபிராத் நீண்ட வாளோடு இறங்குகிறான்.

அவள் கூந்தலில் முடிந்திருந்த வெள்ளைக் கல் கழன்று, படி படியாகத் துள்ளித் தண்ணீரில் விழுகிறது. அதன் ஒவ்வொரு துள்ளலோடும் நோபுவோ உஎமத்சுவின் இசை எழுகிறது. உடனே ஒரு பூதத்தோடு சண்டை. வழக்கமாக அந்த இடத்தில் அதிரடியான சண்டை இசை வரும். இங்கே வராது. ஏரித்தின் மெல்லிய இசையே சண்டை முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். கை பட்டனை அழுத்தி அடித்துக்கொண்டிருக்க, காதில் அவள் பாட்டு. துக்கப்பட நேரம் கொடுக்காமல் வேலை வாங்குகிறது அந்தக் காட்சி. சாவு நடந்த வீட்டில் பாத்திரம் கழுவியவர்களுக்கு அது என்ன என்று தெரியும்.

சாவு முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வருவதில்லை, சினிமாவில் வருகிற மாதிரி வசனம் பேசிவிட்டுத் தியாகம் செய்கிற சாவு பொய் என்பதுதான் அதை உருவாக்கியவர்களின் எண்ணம். கிதாசேயும் நோமுராவும் பிற்பாடு இதைப் பேசியிருக்கிறார்கள். சண்டையில் விழுந்தவர்களை எழுப்பும் ஃபீனிக்ஸ் இறகு எல்லோர் பையிலும் கட்டுக்கட்டாக இருக்கிறது. அவளுக்கு அதைக் கொடுக்க ஆட்டம் இடம் தராது. இதை அபத்தம் என்று இன்றும் கேலி பேசுகிறார்கள். நான் அதை அபத்தமாகப் பார்க்கவில்லை. கையில் மருந்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாமல் நிற்கிற நிலை அது. ஆடியவர்கள் அவளை மீட்க இன்ன ஊருக்குப் போக வேண்டும், இன்ன பொருளைக் கொண்டுவர வேண்டும் என்று வதந்தி பரப்பினார்கள், அதை நம்பி உட்கார்ந்தார்கள். ஏமாற்றுக் கருவிகளை மாட்டி அவளைக் குழுவுக்குள் திரும்ப நுழைத்தவர்களும் உண்டு.

ஜப்பானியர்கள் எழுதப்பட்ட விதியை வைத்து இதைச் சாதித்தபோது, கனடாவின் எட்மன்டனில் இன்னொரு கிளை முளைத்தது. மருத்துவர்கள் சிலர் 1995இல் தொடங்கிய நிறுவனம் பயோவேர். அவர்களின் ‘பால்டர்ஸ் கேட்’ 1998 டிசம்பரில் வெளியானது. தலைமை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஓலன், மேசையில் நண்பர்களோடு வருடக்கணக்கில் ஆட்டம் நடத்தியவர். அவர் மேசையிலிருந்தே ஓர் ஆள் நேராக இந்த கேமுக்குள் வந்தான். அவன் பெயர் மின்ஸ்க். நண்பர் ஒருவர் ஆடிய பாத்திரம். தலையில் அடிபட்ட, மலைபோன்ற வீரன். பூ என்ற வெள்ளெலியை மடியில் வைத்துக்கொண்டு, அது விண்வெளியிலிருந்து வந்த குட்டி ராட்சத இனம் என்று உறுதியாக நம்புகிறவன். அவன் பொருள்களைத் திறந்து பார்த்தால் ஒரு சின்னக் கட்டத்தில் அந்த எலி உட்கார்ந்திருக்கும்.

இந்த கேமில் கூட அழைத்துக்கொள்ளத்தக்கவர்கள் இருபத்தைந்து பேர். யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் 1974இன் அந்த விசுவாச அட்டவணை இங்கே சதையும் ரத்தமுமாக வந்து நின்றது. நீங்கள் நல்லவர் என்று ஊரில் பெயர் ஏறிக்கொண்டே போனால் கெட்டவர்கள் முகம் சுளித்து ஒருநாள் விலகிப் போவார்கள். கெட்ட பெயர் எடுத்தால் நல்லவர்கள் போவார்கள். ஜாஹைராவும் காலிதும் கணவன் மனைவி. ஒருவரை நீக்கினால் மற்றவரும் கிளம்பிவிடுவார். ஒத்துவராத இருவரைச் சேர்த்து வைத்தால் என்றாவது ஒருநாள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள். சிறைப்பட்ட தன் தோழி டைனாஹெரை மீட்க வருவதாகச் சொல்லி மின்ஸ்கைச் சேர்த்துக்கொண்டு, போகாமல் இழுத்தடித்தால், அத்தனை சிரிக்க வைத்த அவனே உங்கள்மேல் பாய்வான். வாக்குத் தவறியவனிடம் கோபப்படத் தெரிந்த ஒருவனைத்தான் மனசு நண்பனாக ஏற்கிறது. சொன்னதெல்லாம் கேட்டு ஆயிரம் பூதங்களை அடித்துப் போடுகிறவன் கருவிதான்.

2000 செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகம் இதை எங்கேயோ கொண்டுபோனது. தொடக்கத்தில் நீங்கள் ஒரு மந்திரவாதியின் நிலவறைக் கூண்டில் கிடக்கிறீர்கள். பக்கத்துக் கூண்டுகளில் ஜாஹைராவும் மின்ஸ்கும். வெளியே வந்ததும் ஜாஹைரா கணவனைத் தேடுகிறாள். சில அறைகள் தாண்டியதும் காலிதின் உடல் கிடக்கிறது, சித்திரவதைப்பட்ட உடல். முதல் பாகம் முழுக்கத் திக்கித் திக்கிப் பேசிக்கொண்டு கூட நடந்தவன். உயிர்ப்பிக்கலாமே என்று கேட்டால், உடலைச் சிதைத்திருக்கும் விதத்தைக் காட்டி அவள் வெடிக்கிறாள். பிற்பாடு ஆடுபவருக்கும் அவளுக்கும் நடுவில் காதல் துளிர்க்கலாம். ஆனால் அது நாள் கணக்கில் மெல்லத்தான் நடக்கும், காலிதுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற தவிப்பு அவளை விடாது. ஒருத்தியின் துக்கத்துக்குக் கால அவகாசம் கொடுத்த கேம் அது. அந்த ஒன்றுக்காகவே அதன் எழுத்தாளர்களை நான் மதிக்கிறேன்.

அதே கேமில் யோஷிமோ. கலகலப்பான திருடன். பூட்டுத் திறக்கவும் பொறி கண்டுபிடிக்கவும் ஆள் தேவைப்படுகிற நேரத்தில் வந்து சேருவதால் பெரும்பாலோர் அவனைக் கூட வைத்துக்கொள்வார்கள். பாதிக் கதையில் அவன் ஆரம்பம் முதலே எதிரியின் ஆள் என்று தெரியவரும். அவன்மேல் மந்திரக் கட்டு போடப்பட்டிருக்கிறது, மீறினால் சாவு. அந்தக் கட்டுக்குள் அவன் போனதற்குக் காரணம் செத்துப்போன தன் சகோதரி. முதல் பாகத்தில் அவள் நீங்களே எதிர்கொண்ட எதிரி. கோபத்தோடு அவனை அடித்து வீழ்த்திய பிறகு, அவன் இதயம் உங்கள் பையில் ஒரு பொருளாக வந்து சேர்கிறது. அதை விற்க முடியாது, அதனால் சண்டையில் பயனில்லை. இல்மாடர் கோயில் பூசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவன் ஆன்மா கட்டிலிருந்து விடுபடும். கொண்டுபோகாமலும் இருக்கலாம், கதை நிற்காது. ஊருக்குத் திரும்பியதும் துரோகிக்காக முதல் வேலையாகக் கோயிலுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இந்தப் பாகத்தில் எழுதத் தொடங்கிய டேவிட் கெய்டர்தான் 2009இல் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ கதைக்குத் தலைமை எழுத்தாளர். அதில் ஒவ்வொரு தோழரும் உங்களை எவ்வளவு விரும்புகிறார் என்பது மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை திரையிலேயே தெரியும். பரிசு கொடுத்தால் ஏறும். எனக்கு இது பிடித்ததில்லை. மேசை ஆட்டத்தில் அந்த எண் ஆட்டம் நடத்துபவரின் தாளில் இருந்தது. ஆடுபவர் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். எண் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பேச்சு பேரமாகிறது. பலர் பை நிறையப் பரிசு வாங்கி வைத்துக்கொண்டு நட்பை ஏற்றினார்கள்.

ஆனால் அதே கேமின் மிகப் பெரிய காட்சி அந்த எண்ணைத் தூக்கி எறிகிறது. அலிஸ்டர் உங்களோடு ஆரம்பத்திலிருந்து வருகிறவன். அவன் குருவைப் போர்க்களத்தில் கைவிட்டுச் சாக விட்டவன் லோகெய்ன். கடைசியில் தோற்று மண்டியிட்ட லோகெய்னை மன்னித்துப் படையில் சேர்த்துக்கொள்ளலாம், நாட்டுக்கு அது உதவும் என்று வாதமும் இருக்கிறது. சேர்த்துக்கொண்டால் அலிஸ்டர் கூட்டத்தைவிட்டுப் போய்விடுவான். அவன் அன்பு நூற்றுக்கு நூறு என்று காட்டினாலும் போவான். பரிசு, கெஞ்சல், காதல் எதுவும் நிறுத்தாது. முதல் தடவை அதைச் சந்தித்த பலரும் பழைய சேவ் ஃபைலைத் திறந்து முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

பிற்பாடு இது பெரிய தொழிலாகிவிட்டது. ‘மாஸ் எஃபெக்ட்’ வரிசையில் தோழர்களில் யார் பிழைப்பார் என்பதே இரண்டாம் பாகத்தின் இறுதிக் கட்டம். 2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் கொண்டுவந்த ‘பால்டர்ஸ் கேட் 3’இல் அஸ்டாரியன் என்ற தோழனுக்குக் குரலும் உடலசைவும் கொடுத்த நீல் நியூபன் அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸ் நடிப்பு விருதை வாங்கினார். ஜாஹைராவும் மின்ஸ்கும் அந்த கேமில் கதைக்கணக்கில் நூறு வருடத்துக்குமேல் தாண்டித் திரும்பி வருகிறார்கள், வெள்ளெலியோடு.

அதில் கார்லாக் என்று ஒருத்தி. நரகத்தில் பத்து வருடம் அடிமையாகப் போரிட்டுத் தப்பி வந்தவள். அவள் நெஞ்சில் இதயத்துக்குப் பதிலாக ஓர் எஞ்சின் எரிந்துகொண்டிருக்கிறது. பூமியில் அது ஆறாது. கடைசியில் அவளையே எரித்துவிடும். அவளை மீட்க நியாயமான வழி வைக்கவில்லை என்று ஆடியவர்கள் கொதித்தார்கள். லேரியன் அதே ஆகஸ்ட் மாதக் கடைசியில் அவள் முடிவைத் திருத்தி, நரகத்துக்கே துணையோடு திரும்பிப் போய்ப் பிழைக்கும் வழிக்குக் கூடுதல் இடம் கொடுத்தது. நவம்பர் கடைசியில், கதை முடிந்து ஆறு மாதம் கழித்துத் தோழர்கள் எல்லோரும் ஒரு முகாமில் கூடுகிற புதிய காட்சியையும் சேர்த்தது. கேட்டவர்களுக்குக் கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் திருத்திய பிறகும் அவள் எரிந்து சாகும் முடிவை அவர்கள் நீக்கவில்லை. நரகத்துக்குத் திரும்புவதைவிடச் சாவது மேல் என்று அவள் சொல்வதை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதை ஏற்றுக்கொண்டு பக்கத்தில் நிற்கவும் செய்யலாம், போகச் சொல்லி அவளோடு மல்லுக்கு நிற்கவும் செய்யலாம்.